கரட்டுக்காட்டில் சைக்கிள் தடம்: மழைக்கு நிற்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புக்குப் பின்னால் ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று, இருந்தால், அதில் ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதையும் இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் போட்டது, விறகுக்குப் போனவர்கள் போட்டது, மேலே இருக்கும் முனியப்பனைக் கும்பிடப் போனவர்கள் போட்டது. இப்போது அந்தப் பாதைகளில் பருத்த சைக்கிள் டயரின் அச்சும் தெரிகிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், பள்ளியில் கிடைத்த அரசு சைக்கிளை அதே பாதையில் விடும் உள்ளூர்ப் பையன்கள் என்று எல்லோரும் கலந்து ஓட்டுகிறார்கள். நாலு பேர் சேர்ந்ததும் அடுத்து வரும் பேச்சு, “இந்தத் தடத்தைக் கொஞ்சம் நல்லாப் பண்ணலாமே” என்பதுதான்.

நல்லாப் பண்ணுவது என்றால் பெரும்பாலானவர்களின் மனதில் இருப்பது ஒரு ஜம்ப், வளைவில் மண் அணைத்த ஒரு பெர்ம், பாறை மேல் ஒரு பலகைப் பாலம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் இரண்டு மழைக்காலம் கழிந்தால் ஜம்ப் கரைந்திருக்கும், பலகையைக் கரையான் தின்றிருக்கும், தடத்தின் நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். நம் மண்ணில் ஒரு சைக்கிள் தடத்தைப் பராமரிப்பது முக்கால்வாசி மழைநீரை வெளியே அனுப்பும் வேலை. மீதிக் கால்வாசி, எந்த நிலத்தில், எந்த மாதத்தில், யாரைக் கேட்டு மம்முட்டியை எடுப்பது என்பது. ஜம்ப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் மண். ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டை, பாலக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் செம்மண், அதில் சரளை, வெங்கச்சங்கல், கொஞ்சம் கீழே போனால் பாறை. காய்ந்தால் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகிவிடும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை மற்ற மாதங்களைவிட செப்டம்பர், அக்டோபரில் அதிகம் வருகிறது. ஆனால் தடத்துக்கு ஆபத்தானது மே மாதக் கோடை மழை. இறுகிக் கிடக்கும் தரையில் இடியோடு அரை மணி நேரம் கொட்டும். மண் உறிஞ்ச நேரமே இருக்காது, அப்படியே வழிந்து ஓடும். ஓடுவதற்கு இடம் தேடும் தண்ணீருக்குச் செடியில்லாத, வழவழப்பான, கீழ்நோக்கிப் போகும் ஒரு பாதை கிடைத்தால் விடுமா?

நேர்கோட்டில் சரிவின் கீழ் இறங்கும் பாதைதான் முதல் எதிரி. ஒரு துளி நீரை மேலே விட்டால் எந்த வழியாக ஓடி இறங்குமோ, அதே வழியில் தடமும் போகிறது என்றால் அந்தத் தடம் இன்னும் ஓடையாகவில்லை, அவ்வளவுதான். ஓடும் நீரின் சக்தி வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்று கூடுவதில்லை. வேகம் இரட்டிப்பானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. பத்து மீட்டர் தூரம் தடத்தில் ஓடிய நீர் மணலைத்தான் தள்ளும், ஐம்பது மீட்டர் ஓடி வேகம் பிடித்த நீர் தேங்காய் அளவுக் கல்லையும் புரட்டும். பராமரிப்பின் சூத்திரம் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது: நீரைத் தடத்தில் நீண்ட தூரம் ஓட விடக்கூடாது. வேகம் பிடிப்பதற்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும்.

“அப்படியென்றால் சைக்கிள் மண்ணைக் கெடுக்கவில்லையா?” என்று கேட்டால், கெடுக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வில்சன், சீனி என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குதிரை, நடப்பவர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தடங்களில் விட்டுப் பார்த்தார்கள். நனைந்திருந்த தடத்தில் சக்கரங்களைவிடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணை அரிப்புக்கு ஏற்றபடி இளக்கிவிட்டன. இதை வைத்துக்கொண்டு ஆடு மாடுகள் மேல் பழி போடக்கூடாது, அவை நமக்கு முன்பே அங்கே இருந்தவை. சைக்கிள் செய்யும் கேடு வேறு வகை. டயர் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப உருண்டு தடத்தின் நடுவைக் குழிக்கிறது. பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு இறங்கும்போது மேல்மண் சீவப்படுகிறது. அந்தக் குழியும் சீவலும் நீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கின்றன, பள்ளத்தைப் பறிப்பது தண்ணீர்.

சரிவைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தடம் போடுபவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் இரண்டு எளிய விதிகள் இருக்கின்றன. ஒன்று, தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. இரண்டாவது விதி பாதிக் கணக்கு: தடம் போகும் இடத்தில் மலைச்சரிவு எவ்வளவோ, தடத்தின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. கரட்டின் சரிவு 12 சதவீதம் என்றால் தடம் 6 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் மேலிருந்து வரும் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடத்தோடேயே திரும்பி ஓட ஆரம்பித்துவிடும். மேடு குறைவான இடத்தில் தடம் போடுவது சுலபம் என்று நினைப்பது இதனால்தான் தவறாகப் போகிறது. சமதளத்தில் நீரை வெளியேற்ற இடமே கிடையாது. சேறும் பள்ளமும் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த அளவை எடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வீடு கட்டும் மேஸ்திரியிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு அளவுகோல். பத்து மீட்டர் தள்ளி நின்று இரண்டு பக்கத்து நீர்மட்டத்தையும் தரையிலிருந்து அளந்தால் வித்தியாசம்தான் ஏற்றம். வயிறு எக்கிக்கொண்டு “இது லேசான ஏத்தம்தான்” என்று கண்ணளவில் சொல்கிறவர்களை நம்பி வெட்டிய தடங்கள் எல்லாம் பாதி நேரம் 18, 20 சதவீதமாக இருப்பதை டியூப் லெவல் காட்டிக் கொடுத்துவிடும். ஆள் பற்றாக்குறை இல்லாத இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. நூறு நாள் வேலையில் கரட்டோரம் சம உயர அகழி வெட்டிப் பழகிய அக்காக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சம உயரக்கோடு எது என்பதை அவர்கள் கண் பிடிக்கும் வேகம், செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் நமக்கு வராது. கூலி கொடுத்து ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் பத்து நாள் வெட்டிய மண் வீணாகாமல் தப்பும்.

தடத்தின் குறுக்கு வாட்டமும் இதே அளவுக்கு முக்கியம். நடக்கும் பரப்பு பள்ளப் பக்கமாகச் சுமார் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டர் அகலத் தடத்தில் அது வெறும் மூன்று சென்டிமீட்டர் இறக்கம். மழை விழுந்தால் மெல்லிய விரிப்பாகத் தடத்தைக் கடந்து புதருக்குள் போய்விடும். புழங்கப் புழங்க நடு குழிந்து ஓரம் உயரும் என்பதால், வெட்டும்போது நாலு சென்டிமீட்டர் விட்டாலும் தப்பில்லை.

சரிவில் தடம் வெட்டும்போது பலர் செய்வது, மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பிப் பாதி வெட்டு, பாதி நிரப்பு என்று அகலம் காட்டுவது. வேலை பாதியாகக் குறையும், ஆனால் நிரப்பிய பாதி முதல் மழையிலேயே இறங்கிவிடும். முழு அகலத்தையும் கெட்டித் தரையில் வெட்ட வேண்டும், வந்த மண்ணைப் பாண்டில் அள்ளிச் சரிவில் தூரமாகத் தூவிவிட வேண்டும். மேல்பக்க வெட்டுமுகத்தை நட்டமாக விடாமல் சாய்வாகச் சீவி, தரையைத் திமிசுக்கட்டையால் இடித்தால் போதும். கீழோரத்தில் இருக்கும் ஆவாரை, விராலிப் புதர்களைத் தொடவே கூடாது. அழகு பார்த்து அதைக் கழித்துவிட்டால் ஓரத்தைப் பிடித்து நிற்க வேறு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பலன் தருவது, தடத்தில் இடையிடையே விடும் தாழ்வுகள். ஏறிக்கொண்டே போகும் தடம் ஓரிடத்தில் மூன்று நாலு மீட்டர் தூரம் மெல்ல இறங்கி மறுபடி ஏற வேண்டும். இறங்கும் புள்ளியில் வெளிப்பக்கம் திறந்திருக்கும். மேலிருந்து தடத்தோடு ஓடி வந்த நீர் அங்கே மேடேற முடியாமல் வெளியே போய்விடும். ஏழெட்டு மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டருக்கு ஒன்று என்று இருந்தால் நீர் வேகம் பிடிக்க வாய்ப்பில்லை. ஓட்டுகிறவருக்கு அது ஒரு சின்ன அலை, உடம்பு தானாக இறங்கி ஏறும். ஜம்ப் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: நல்ல தாழ்வுகள் வரிசையாக இருக்கும் தடத்தில் ஜம்ப் இல்லாத குறையே தெரியாது. மழைக்கும் வேலை செய்கிறது, குஷிக்கும் வேலை செய்கிறது.

இதற்குப் பதில் குறுக்கே கட்டையைப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்தது. நீரைத் திருப்ப ஒரு மரத்துண்டைச் சாய்வாகப் புதைப்பார்கள். அதன் மேல்பக்கம் வண்டல் சேர்ந்து ஒரே பருவத்தில் நிரம்பிவிடும், அப்புறம் நீர் அதன் மேலேயே வழியும். நம் ஊரில் கூடுதலாக இரண்டு சங்கடம். ஒன்று கரையான். இன்னொன்று, காட்டில் கிடக்கும் நல்ல காய்ந்த கட்டையை விறகுக்கு எடுத்துப்போவது யாருக்கும் குற்றமாகத் தோன்றாது, தோன்றவும் வேண்டியதில்லை. ஆகவே மரத்தில் எதையும் கட்டாமல் இருப்பது நல்லது.

கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. செங்குத்தான ஏற்றம் தவிர்க்க முடியாத இடத்திலும், ஓடை கடக்கும் இடத்திலும் கல் பாவுவதுதான் நிலைத்த தீர்வு. பாவும்போது கல்லைப் படுக்கவைக்கக் கூடாது. செங்கலை நட்டுவைப்பது போல நீளவாக்கில் நட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி இறுக்க வேண்டும். வேலையைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், அடியில் இருக்கும் பெரிய கல்தான் மற்றதையெல்லாம் தாங்கும். இடுக்குகளில் ஜல்லியும் செம்மண்ணும் போட்டு இடித்தால் ஆடாது. கிரானைட் குவாரிகளில் கழித்துப் போட்ட துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இயந்திரத்தில் அறுத்த முகம் மேலே வந்தால் மழையில் சைக்கிளும் ஆளும் சேர்ந்து வழுக்குவார்கள். உடைந்த சொரசொரப்பான முகம் மேலே வரும்படி வைக்க வேண்டும்.

கல் பொறுக்கும் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கரட்டு மேல் வட்டமாகப் பதிந்து கிடக்கும் கற்கள், பலகை போல நிமிர்ந்து நிற்கும் கற்கள், குவித்து வைத்தது போன்ற கற்குவைகள் எதையும் தொடாதீர்கள். மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழைய கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இந்த நிலம் முழுக்கப் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களும் நடுகற்களும் சிதறிக் கிடக்கின்றன. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அப்படிப்பட்ட இன்னொரு கல்வட்டத்தை எடுத்து ஓடைக்குப் பாவி விட்டு அதன் மேல் சைக்கிள் ஓட்டினால் அதைவிட அபத்தம் வேறில்லை. குவியலாகக் கிடக்கிறதே, வசதியாக இருக்கிறதே என்று தோன்றும் கல்தான் பெரும்பாலும் மனிதன் குவித்த கல்.

யாருடைய நிலம்?

இத்தனையும் செய்வதற்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது. கட்டுரையில் இதை முதலில் வைத்திருந்தால் பாதிப் பேர் மூடிவிட்டுப் போயிருப்பார்கள் என்பதால் இங்கே வைத்தேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் நல்ல காடு என்று சொல்லத்தக்க இடங்களில் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் கணிசமான பகுதி சரணாலயமாகவும் ஆகிவிட்டது: 2014இல் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2022இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதையே 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் குற்றமாக்குகிறது. சரணாலயத்துக்குள் போக 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். நுழைவதற்கே இப்படி என்றால் மண் வெட்டுவது எங்கே நிற்கும்? “நாங்கள் குப்பை போடவில்லை, மரம் வெட்டவில்லை, பாதையைச் சரிதானே செய்தோம்” என்ற வாதம் ரேஞ்சர் அலுவலகத்தில் எடுபடாது, எடுபடக் கூடாது என்பதும் என் கருத்து. யானை நடமாடும் காட்டில் ஆள் நடமாட்டத்துக்குப் புதிய வழி திறப்பது சின்ன விஷயம் அல்ல.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இறந்த பிறகு, அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களை அறிவித்து, முன்பதிவோடும் வழிகாட்டியோடும் ஆட்களை அழைத்துப்போகும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. தீக்காலத்தில் அந்தத் தடங்கள் மூடப்படுகின்றன. சைக்கிளுக்கு இப்படியொரு ஏற்பாடு கேட்டுப் பெறலாம் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. அதுவரை காப்புக்காட்டுப் பக்கம் மம்முட்டியோடு போக வேண்டாம்.

அப்படியானால் எங்கே? பட்டா நிலத்தில் இருக்கும் தைலமரத் தோப்புகள், மாந்தோப்பை ஒட்டிய கரட்டுத் தரிசுகள், ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும் ஏரிக்கரைச் சமூகக் காடுகள், மேய்க்கால் புறம்போக்கின் ஓரங்கள். பட்டா என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு சம்மதம். புறம்போக்கு என்றால் கிராம சபையில் வைத்து ஒரு தீர்மானம், அதோடு வருவாய்த் துறையின் காதிலும் போட்டுவைப்பது. எல்லைக்கல் எங்கே முடிகிறது என்பதை ஊர்க் கணக்கில் சரிபார்த்துவிடுங்கள். கரட்டின் இந்தப் பக்கம் புறம்போக்கும் அந்தப் பக்கம் காப்புக்காடுமாக இருப்பது சர்வ சாதாரணம், வெள்ளையடித்த வனத்துறைக் கற்கள் உண்ணிச்செடிக்குள் மூழ்கிக் கிடக்கும். பல ஊர்களில் 1997இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டக் காலத்தில் அமைத்த கிராம வனக் குழுக்களின் பழைய உறுப்பினர்கள் இருப்பார்கள். எந்தக் கசிவுநீர்க் குட்டை எங்கே வெட்டினார்கள், எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். அனுமதிக்காக மட்டும் இல்லாமல் தடத்தின் கோட்டைத் தீர்மானிக்கவும் அவர்களைக் கூட்டிப்போக வேண்டும்.

யார் பாதையில் யார் ஓட்டலாம் என்ற இந்தச் சச்சரவு நமக்கு மட்டும் வந்ததில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976இல் பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய்க் கீழே ஓட்டும் பந்தயம் நடத்தினார்கள். அதற்கு ரீபேக் என்று பேர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகி ஆவியாகி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பேர் அது. இருபது வருடத்தில், 1996 அட்லாண்டாவில், அந்த மலைச் சைக்கிள் விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் அது பிறந்த மரினிலேயே ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் புகார் சொன்னார்கள். அந்தச் சூழலில்தான் 1988இல் கலிஃபோர்னியாச் சைக்கிள் மன்றங்கள் சேர்ந்து ஐ.எம்.பி.ஏ. என்ற சர்வதேச மலைச் சைக்கிள் அமைப்பை ஆரம்பித்தன. மேலே சொன்ன 10 சதவீதம், பாதிக் கணக்கு எல்லாம் ஊருக்குப் பரவியது அவர்கள் வழியாக. சண்டை போட்டு உரிமை கேட்டதை விட, நடப்பவர்களும் பயன்படுத்தும் பாதையில் மண் வேலைக்குப் போய் நின்றதுதான் பல இடங்களில் அவர்களுக்குக் கதவைத் திறந்தது.

எந்த மாதம்?

ஈரமண்ணில்தான் தடம் இறுகும். காய்ந்த செம்மண்ணை எவ்வளவு இடித்தாலும் தூளாகவே கிடக்கும், சேற்றை இடித்தால் பிசையும். கையில் பிடித்து உருண்டை பிடித்தால் நிற்கிற, ஆனால் விரலில் ஒட்டாத பதம் வேண்டும். அந்தப் பதம் நம் பக்கம் வருடத்தில் இரண்டு முறை வருகிறது. கோடை மழை விழுந்த பிறகு மே கடைசியிலிருந்து ஜூலை வரை ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நவம்பர் கடைசி, டிசம்பரில் இன்னொன்று. புத்தகக் கணக்குப்படி இரண்டாவதுதான் சிறந்தது. மழை முடிந்திருக்கும், எங்கே அரித்தது என்பது கண்ணுக்குத் தெரியும், வெயிலும் குறைவு.

ஆனால் அந்த மாதங்கள் யானைகளுடையவை. அக்டோபர் வாக்கில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கும். ராகி அறுவடைக் காலம் அது. தேன்கனிக்கோட்டை, நொகனூர், சானமாவு என்று சின்னச் சின்னக் காடுகளில் பகலில் தங்கி, இரவில் வயலில் இறங்கி, ஜனவரி பிப்ரவரி வரை சுற்றிக்கொண்டிருக்கும். சில கூட்டங்கள் சூளகிரியைத் தாண்டியும் போகும். விவசாயிகள் பரண் மேல் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காவல் இருக்கும் நாட்களில், விடிகாலை ஐந்தரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவது துணிச்சல் கணக்கில் சேராது. சைக்கிளின் சிக்கலே அது சத்தமில்லாமல் வேகமாக வருவதுதான். நடப்பவரைத் தூரத்திலேயே உணர்ந்து விலகும் யானைக்கோ கரடிக்கோ, வளைவைத் திரும்பி இருபது மீட்டரில் திடீரென்று முளைக்கும் சைக்கிள்காரரோடு யோசிக்க நேரமில்லை.

எனவே ஓசூர்க் கோட்டப் பக்கம் தடம் வைத்திருப்பவர்கள் பெரிய மண்வேலையை ஜூனுக்குள் வைத்துக்கொள்வதுதான் சரி. யானைக் காலத்தில் பகல் வெளிச்சத்தில், ஊர்க்காரர்களிடம் அன்றைய சேதி கேட்டுக்கொண்டு, வாய்க்கால் வாயைத் திறந்துவிடும் அளவுக்கு மட்டும் போய்வந்தால் போதும். வனத்துறை இந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று அறிவித்தால் அந்த வாரம் தடம் மூடல், பேச்சே இல்லை. கிருஷ்ணகிரி நகரைச் சுற்றியும் தருமபுரிப் பக்கம் சமவெளிக் கரடுகளிலும் இந்த நெருக்கடி குறைவு, அங்கே டிசம்பர் பதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை தீக்காலம். மண்ணும் ஒத்துழைக்காது. கழித்த புதரைக் குவித்துக் கொளுத்தும் யோசனை எந்தக் காலத்திலும் வேண்டாம், இந்தக் காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

மழை பெய்யும்போதே ஒரு தடவை குடையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் நடந்து பார்ப்பதைப் போலப் பயனுள்ள ஆய்வு வேறில்லை. இடி இறங்கும் மழையில் வேண்டாம், தூறல் அடங்கும் நேரத்தில். நீர் எங்கே தடத்துக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறாமல் தேங்குகிறது என்பது அப்போது ஒளிவுமறைவில்லாமல் தெரியும். கையோடு களைக்கொத்து இருந்தால் கீழோரத்தில் சேர்ந்திருக்கும் மண்கரையை அங்கங்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு உடைத்துவிடலாம். வருடாந்திரப் பராமரிப்பில் பாதி வேலை இதுதான்: ஓரத்தில் உயர்ந்துபோன கரையைச் சீவுவது, தாழ்வுகளின் வாயில் சேர்ந்த வண்டலையும் சருகையும் வாருவது. ஒருபுறம் கொத்தும் மறுபுறம் வாரிப் பற்களுமாக ஒரு கருவி வெளிநாட்டில் இதற்கென்றே உண்டு. நம் ஊர்ப் பட்டறையில் ஒரு பழைய மம்முட்டித் தகட்டில் பல் வைத்து அடித்துக்கொள்வது அரைநாள் வேலை.

புதர் வெட்டுவதில் ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உண்ணிச்செடி. தென்னமெரிக்காப் பக்கமிருந்து அழகுச்செடியாக வந்து காட்டை மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். அதை அரிவாளால் மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே மூன்று நாலு சென்டிமீட்டரில் முக்கிய வேரைக் கடப்பாரையால் துண்டித்து, செடியைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும், காய் பழுப்பதற்கு முன்பே. வளைவுகளின் உட்புறத்தில் இதைச் செய்தால் எதிரில் வருபவரும் ஆடும் மாடும் தூரத்திலேயே தெரியும். மற்ற இடங்களில் உசிலும் காரையும் அப்படியே இருக்கட்டும், நிழல் இல்லாத தடத்தில் ஏப்ரலில் யாரும் ஓட்டப் போவதில்லை. சீமைக்கருவேலத்தைக் கழித்தால் ஒவ்வொரு கிளையையும் தடத்திலிருந்து தள்ளிப் போட வேண்டும், ஒரு முள்ளை விட்டுவைத்தாலும் பத்து டியூப் போகும்.

மேய்ச்சல் வழி குறுக்கிடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும். பலகையில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் பெரிய கல்லை வைத்துத் தடத்தைச் சைக்கிள் ஹேண்டில்பார் அகலத்துக்குக் குறுக்கினாலோ, குறுக்கீட்டுக்கு முன் சின்னதாக ஏற்றம் ஒன்றைக் கொடுத்தாலோ தானாகக் குறைப்பார்கள். சைக்கிள்காரர் நிற்பார், ஆடு போகும். இந்த வரிசை மாறக்கூடாது. கோயில் திருவிழா நாட்களில் அந்தப் பாதையில் சைக்கிளை எடுக்காமல் இருப்பது ஒருவரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல.

தடம் யாருக்கு என்பதில் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. லட்ச ரூபாய் சைக்கிளில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்திருப்பவருக்காக மட்டும் கல்லும் தாவலுமாக ஒரு தடத்தைப் போட்டால், ஊர்ப் பையன்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தடத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்காது. பதினோராம் வகுப்பில் கொடுக்கும் அரசு சைக்கிளில் சுற்றிவர முடிகிற மாதிரி பிரதான வளையம் இருக்கட்டும், கடினமான கிளைகள் அதிலிருந்து பிரிந்து போய்ச் சேரட்டும். மழை நாளில் வாய்க்கால் அடைத்துக்கொண்டதை முதலில் பார்க்கப் போவது பக்கத்துத் தெருப் பையன், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம் இல்லை.

கடைசியாக, பழைய கெட்டுப்போன பாதையை என்ன செய்வது? எவ்வளவு சரிசெய்தாலும் நேர்ச்சரிவில் இறங்கும் தடம் நிற்காது, கோட்டை மாற்றத்தான் வேண்டும். புதிய தடம் போட்டுவிட்டுப் பழையதை அப்படியே விட்டால் ஆட்களும் நீரும் இரண்டிலுமே போவார்கள். பழைய பள்ளத்தில் நாலைந்து மீட்டருக்கு ஒரு சின்னக் கல் தடுப்பு வைத்தால் வண்டல் பின்னால் சேரும். இறுகிய தரையைக் கொத்திவிட்டு ஆவாரை விதை தூவலாம், மேலே கழித்த உண்ணிச்செடியைக் காயவைத்துப் பரப்பலாம். இரண்டு மூன்று பருவமழையில் பச்சை பிடிக்கும். இரண்டு முனையையும் கண்ணுக்குத் தெரியாதபடி முள் போட்டு அடைப்பது முக்கியம், வழி கண்ணில் பட்டால் சக்கரம் அங்கே போகும். ஆனால் முள்ளை வைப்பதற்கு முன் அந்த வழியில் ஆடு ஓட்டிப் போகிறவரிடம் கேட்டுவிட வேண்டும். புதிய தடம் அவருக்குச் சுற்று வழி என்றால் அடுத்த நாள் காலையிலேயே முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார். அப்போது முள்ளை மறுபடி வைக்காமல், அவருடைய வழியைக் கல் பாவி நடக்கத் தோதாக்கிக் கொடுத்து, சைக்கிள் நுழையாதபடி வாயை மட்டும் குறுக்கிவிடலாம்.